மோத்திஹாரியில் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்

பீகார் மாநிலத்தின் வட கோடியில், நேபாள எல்லைக்குப் பக்கத்தில், மோத்திஹாரி என்று ஓர் ஊர் இருக்கிறது. கிழக்குச் சம்பாரண் மாவட்டத்தின் தலைநகர். 1917-ம் ஆண்டு அவுரி விவசாயிகளின் குறைகளைக் கேட்டறியக் காந்தியடிகள் வந்து இறங்கிய ஊர் என்பதால் நமது சுதந்திரப் போராட்ட வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1903 ஜூன் 25-ந் தேதி, அதே ஊரில் அபினி இலாகா அதிகாரி ஒருவரின் வீட்டில் ஓர் ஆங்கிலேயக் குழந்தை பிறந்தது. எரிக் ஆர்தர் பிளேர் என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயரில் உலகம் அறிந்த எழுத்தாளர் அவர்தான்.

ஆர்வெல் என்றதும் நினைவுக்கு வருவது '1984' என்ற நாவல். 1949-ல் வெளிவந்தது. மனிதனின் நடமாட்டத்தையும் பேச்சையும் மட்டுமல்லாமல் நினைப்பையும்கூட அரசாங்கம் கண்காணிக்கும் ஓர் எதிர்காலத்தை அது காட்டுகிறது. 1984-ம் ஆண்டு வந்தது, போயிற்று. ஆர்வெலின் ஜோசியம் பலித்ததா இல்லையா என்று அந்த ஆண்டில் உலகப் பத்திரிகைகள் பட்டிமன்றமே நடத்தின. ஆனால் ஆர்வெல் ஜோசியம் சொல்லவில்லை. தாம் பார்த்த உத்தியோகங்களிலும் தாம் வாழ்ந்த ஊர்களிலும் கண்டதைத்தான் அவர் கொஞ்சம் நீட்டிப் பார்த்து எழுதினார். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும்.

இன்னொரு விஷயம். அந்த நாவலின் கதாநாயகன் அரசனும் அல்ல, போர்வீரனும் அல்ல. அவன் ஒரு சர்க்கார் குமாஸ்தா. காலையில் ஆபீஸ் போய், மத்தியானம் கான்டீனில் வரிசையில் நின்று சாப்பிட்டு, ரேஷனில் கிடைப்பதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவன். அவன் மேஜையில் நடக்கும் வேலைதான் கதையின் உயிர்நாடி. அதைப் பின்னால் பார்ப்போம்.

அபினி இலாகாவின் பிள்ளை

தந்தை ரிச்சர்ட் பிளேர் பிரிட்டிஷ் இந்திய அரசின் அபினி இலாகாவில் உதவி ஏஜெண்டாக இருந்தார். கசகசா பயிரிடும் குடியானவர்களுக்கு முன்பணம் கொடுப்பது, விளைந்த அபினியை அரசு நிர்ணயித்த விலைக்கே வாங்குவது, அதைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்வது என்று நடந்த பெரிய வியாபாரத்தில் அவர் ஒரு சிறு அதிகாரி. பெரிய பதவியும் இல்லை, பெரிய சம்பளமும் இல்லை. ஊர் ஊராக மாற்றல்தான். தாயார் ஐடா, பர்மாவில் மௌல்மீன் நகரில் மர வியாபாரம் செய்த பிரெஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

எரிக்குக்கு ஒரு வயது ஆனபோது, 1904-ல், தாயார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். தந்தை இந்தியாவிலேயே தங்கினார். 1907-ல் ஒரு தடவை லீவில் வந்து போனார். பிறகு 1912-ல் ஓய்வு பெற்றுத்தான் வீட்டுக்கு வந்தார். அப்பா எங்கோ தூரத்தில் உத்தியோகம் பார்க்க, பிள்ளைகள் அவர் முகம் தெரியாமல் வளரும் வீட்டின் நிலை நம் வாசகர்கள் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எட்டு வயதில் எரிக்கை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். பணக்காரப் பிள்ளைகள் படித்த அந்தப் பள்ளியில் அவனுக்குச் சம்பளச் சலுகை உண்டு. சலுகையில் படிக்கிறவன் என்பதைப் பள்ளிக்கூடத்தார் அவனுக்கு மறக்கவிடவில்லை. அங்கே பட்ட அவமானத்தைப் பிற்காலத்தில் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். மானநஷ்ட வழக்கு வருமோ என்ற பயத்தால் அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை.

படிப்பில் கெட்டிக்காரன் என்பதால் 1917-ல் ஈட்டன் பள்ளியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. அங்கே அவருக்குச் சில காலம் பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுத்த ஆசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. இன்பத்தையே விலங்காக மாட்டி மனிதர்களை அடக்கி வைக்கும் ஓர் எதிர்கால உலகத்தைப் பற்றி 1932-ல் நாவல் எழுதிப் புகழ் பெற்றவர் இந்த ஹக்ஸ்லி. இப்படிப்பட்ட இரு பெரும் நாவல்களின் ஆசிரியர்களும் ஒரே வகுப்பறையில் குருவும் சீடனுமாக இருந்தது அபூர்வமான ஒற்றுமை.

பர்மாவில் போலீஸ் உத்தியோகம்

ஈட்டனில் படித்தவர்கள் பெரும்பாலும் ஆக்ஸ்போர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ போவார்கள். பிளேருக்கு அதற்கு வசதியும் இல்லை, உதவித்தொகை வாங்கும் அளவுக்கு மார்க்கும் இல்லை. 1922-ல், பத்தொன்பதாவது வயதில், இந்திய இம்பீரியல் போலீசில் சேர்ந்து பர்மாவுக்குக் கப்பலேறினார். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். மாந்தலேயில் பயிற்சி முடித்து, சிரியம், இன்சின், மௌல்மீன், காத்தா என்று பல ஊர்களில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். பர்மிய மொழியையும் நன்றாகக் கற்றார்.

வேலை என்றால் என்ன வேலை? கைதிகளைக் காவல் காப்பது, சாட்சிகளை விசாரிப்பது, அடக்குமுறை உத்தரவுகளை நிறைவேற்றுவது. ஒரு கைதியைத் தூக்கிலிடுவதைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதிய கட்டுரையில் ஒரு காட்சி வருகிறது. தூக்குமேடைக்கு நடந்துபோகும் கைதி, வழியில் தேங்கிய தண்ணீரில் கால் படாமல் சற்றே ஒதுங்கி நடக்கிறான். இன்னும் சில நிமிஷத்தில் சாகப்போகிறவனுக்கும் கால் நனையக் கூடாது என்ற நினைப்பு இருக்கிறது. ஓர் உயிரைப் பறிப்பது எத்தகைய காரியம் என்பது அந்தக் கணத்தில்தான் புரிந்தது என்கிறார்.

யானையைச் சுட்டது பற்றிய கட்டுரை இன்னும் பிரசித்தம். மதம் பிடித்த யானை ஒன்று கடைத்தெருவில் புகுந்து, பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த தென்னிந்தியக் கூலித் தொழிலாளி ஒருவரை மிதித்துக் கொன்றுவிடுகிறது. துப்பாக்கியுடன் போலீஸ் அதிகாரி போய்ச் சேரும்போது யானை அமைதியாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. சுட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பின்னால் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வேடிக்கை பார்க்க நிற்கிறார்கள். சுடாமல் திரும்பினால் சிரிப்பார்கள். அந்த ஒரு பயத்துக்காகவே அவர் சுடுகிறார். ஆளுகிறவன் கடைசியில் தன் முகமூடிக்கே அடிமையாகிவிடுகிறான் என்பதுதான் கட்டுரையின் சாரம். செத்துப்போன கூலியாளைவிட யானைக்குத்தான் விலை அதிகம் என்று இளம் வெள்ளையர்கள் பேசிக்கொண்டதையும், ஓர் ஆள் செத்ததால்தான் யானையைச் சுட்டதற்குச் சட்டப்படி காரணம் கிடைத்தது என்று தாமே மகிழ்ந்ததையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தம் மேல் வரும் பழியையும் ஒளிக்காமல் எழுதுவது கடைசிவரை அவரை விட்டு நீங்காத குணம்.

1927-ல் லீவில் இங்கிலாந்து போனவர் பர்மாவுக்குத் திரும்பவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல சம்பளமுள்ள சர்க்கார் வேலையை விட்டுவிட்டு எழுதப்போகிறேன் என்று பிள்ளை சொன்னபோது வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பாத்திரம் தேய்த்த காலம்

அடுத்த சில ஆண்டுகள் பெரும் கஷ்டம். 1928-ல் பாரிஸ் போனார். எழுதியது எதுவும் விலைபோகவில்லை. இருந்த பணமும் திருட்டுப் போயிற்று. ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறைச் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலையில் சேர்ந்தார். லண்டன் திரும்பிய பிறகு கந்தல் உடை தரித்து, நாடோடிகளுடன் சத்திரங்களில் படுத்து, கென்ட் பகுதியில் கூலிக்காரர்களுடன் தோட்ட வேலையும் செய்தார். இந்த அனுபவங்களே 1933-ல் அவருடைய முதல் புத்தகமாக வந்தன. குடும்பத்தாருக்குச் சங்கடம் வேண்டாம் என்று அப்போது வைத்துக்கொண்ட புனைபெயர்தான் ஜார்ஜ் ஆர்வெல். ஆர்வெல் என்பது இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஓடும் ஓர் ஆறு.

அடுத்து 'பர்மிய நாட்கள்' நாவல். வழக்குக்குப் பயந்த லண்டன் பதிப்பாளர்கள் தயங்கியதால் 1934-ல் முதலில் அது நியூயார்க்கில்தான் வெளியாயிற்று. பிழைப்புக்காகப் பள்ளி ஆசிரியராகவும் புத்தகக் கடைச் சிப்பந்தியாகவும் இருந்தார். 1936-ல் வட இங்கிலாந்தின் விகன், பார்ன்ஸ்லி முதலிய ஊர்களுக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் வாழ்க்கையை நேரில் பார்த்தார். ஆறடிக்கு மேல் உயரமான மனிதர் சுரங்கத்துக்குள் குனிந்தும் தவழ்ந்தும் போனார். அந்தத் தொழிலாளிகள் வேலை தொடங்கும் இடத்துக்கே மைல் கணக்கில் இப்படிப் போக வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது என்பதைக் கணக்கோடு எழுதினார். அதே ஆண்டில் ஐலீன் என்ற படித்த பெண்ணை மணந்தார்.

ஸ்பெயினில் கண்ட பொய்

ஆர்வெலின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் ஸ்பெயின் தேசத்தில் ஏற்பட்டது. 1936-ல் அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசு ஆட்சியை எதிர்த்து ஜெனரல் பிராங்கோ கலகம் செய்தார். ஹிட்லரும் முசோலினியும் பிராங்கோவுக்கு உதவினார்கள். குடியரசுக்கு ஆயுதம் கொடுத்த பெரிய நாடு சோவியத் யூனியன். குடியரசைக் காக்க உலகெங்கிலுமிருந்து தொண்டர்கள் போனார்கள். ஆர்வெலும் 1936 டிசம்பரில் பார்சலோனா போய் ஒரு தொண்டர் படையில் சேர்ந்தார். அந்தப் படை போவும் என்ற சிறு கட்சியைச் சேர்ந்தது. மார்க்ஸியக் கட்சிதான். ஆனால் ஸ்டாலினை ஏற்காத கட்சி.

மலைகளில் குளிரிலும் பேனிலும் சில மாதங்கள். 1937 மே 20-ந் தேதி விடியற்காலை, எதிரியின் குண்டு ஒன்று அவர் கழுத்தைத் துளைத்துக்கொண்டு போயிற்று. நூலிழையில் உயிர் தப்பினார். குரல் பல வாரங்களுக்கு வெறும் முணுமுணுப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தால் உலகம் தலைகீழாக இருந்தது. ஆயுதம் கொடுத்தவர்களின் செல்வாக்கு ஓங்கிவிட்டது. போவும் கட்சி சட்ட விரோதமானது என்று ஜூன் மாதம் அறிவித்தார்கள். அந்தக் கட்சிக்காரர்கள் பிராங்கோவின் ஒற்றர்கள் என்று குற்றச்சாட்டு. நேற்றுவரை பிராங்கோவின் குண்டுகளுக்கு நெஞ்சு காட்டியவர்களை இன்று பிராங்கோவின் கையாட்கள் என்று சிறையில் தள்ளினார்கள். கட்சித் தலைவர் ஆந்த்ரே நின் கைதாகிக் கொல்லப்பட்டார். ஆர்வெல் இரவில் இடிந்த கட்டடங்களில் படுத்து, பகலில் உல்லாசப் பயணி போல நடித்து, மனைவியுடன் ரயிலேறி பிரான்சுக்குத் தப்பினார்.

லண்டனுக்கு வந்து பத்திரிகைகளைப் பிரித்தார். நடக்காத சண்டைகளைப் பெரிய யுத்தங்களாக எழுதியிருந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மாண்ட இடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உயிரைக் கொடுத்தவன் துரோகி. துப்பாக்கிச் சத்தமே கேட்காதவன் வீரன். பத்திரிகைகள் செய்தியைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வது அவருக்குப் புதிதல்ல. ஆனால் நடந்த ஒன்று நடக்கவே இல்லை என்று ஆவதை அவர் அப்போதுதான் கண்டார். தம்மைப் போல நேரில் பார்த்தவர்கள் எல்லாம் இறந்த பிறகு, இந்தப் பொய்கள்தானே சரித்திரப் புத்தகத்தில் ஏறும் என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. '1984' நாவலின் விதை இதுதான்.

கண்டதை எழுதினார். வழக்கமாக அவர் புத்தகங்களை வெளியிட்ட பதிப்பாளர், எழுதி முடிக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறொருவர் 1938-ல் வெளியிட்டார். அச்சடித்த 1,500 பிரதிகளும் ஆர்வெல் இறந்த 1950-ல்கூட விற்றுத் தீரவில்லை.

லண்டன் வானொலியில் இந்தியாவுக்காக

இரண்டாவது உலகப்போர் வந்தது. நெஞ்சு பலவீனம் என்று ராணுவம் ஆர்வெலைச் சேர்க்கவில்லை. 1941 ஆகஸ்டில் பி.பி.சி. வானொலியின் கீழை நாட்டுச் சேவையில், இந்தியாவுக்கான பகுதியில் வேலைக்கு அமர்ந்தார். இந்தியா ஜெர்மனி, ஜப்பான் பக்கம் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அந்த ஒலிபரப்பின் நோக்கம்.

வாராவாரம் போர்ச் செய்தி விமர்சனம் எழுதினார். அவர் ஆங்கிலத்தில் எழுதியவை குஜராத்தி, மராத்தி, தமிழ் முதலிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு இந்தியாவுக்கு ஒலிபரப்பாயின. யார் எழுதியது என்று தெரியாமலே ஆர்வெலின் வாசகத்தைத் தமிழில் கேட்டவர்கள் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறார்கள். வானொலியில் அவர் நடத்திய கவிதை நிகழ்ச்சியில் முல்க் ராஜ் ஆனந்த், டி.எஸ். எலியட் ஆகியோருடன் இலங்கைத் தமிழரான கவிஞர் தம்பிமுத்துவும் கலந்துகொண்டார். லண்டனில் ஆங்கிலக் கவிதைப் பத்திரிகை நடத்திப் பெயர் பெற்றவர் தம்பிமுத்து.

இந்தியா விடுதலை பெற வேண்டும் என்று ஆர்வெல் வெளிப்படையாக எழுதியவர். அப்படிப்பட்டவர், 1942-ல் காந்தியடிகளும் நேருவும் சிறையில் இருந்தபோது, பிரிட்டிஷ் அரசின் வானொலியில் இந்தியாவுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். ஹிட்லரைத் தோற்கடிப்பதே முதல் வேலை என்பது அவர் சமாதானம். ஆனாலும் அது மனசை உறுத்தியது. எழுதிய ஒவ்வொரு வரியும் தணிக்கைக்குப் போகும். ஒலிபரப்பாகும்போது, எழுதிக் கொடுத்ததைவிட ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் உடனே நிறுத்த ஒரு தணிக்கை அதிகாரி பொத்தானில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். மனைவி ஐலீனும் போரின் ஆரம்ப ஆண்டுகளில் அரசுத் தணிக்கை இலாகாவில்தான் வேலை பார்த்தார்.

நிலவறைக் கான்டீன், முடிவே இல்லாத கமிட்டிக் கூட்டங்கள், வெட்டித் திருத்தி வரும் காகிதங்கள் எல்லாம் பிறகு நாவலுக்குள் வந்தன. கூட்டம் நடந்த ஓர் அறையின் எண் 101 என்று சொல்வார்கள். நாவலில் கைதிகளைக் கடைசியாகக் கொண்டுபோகும் பயங்கர அறைக்கும் அதே எண். 850 சொற்களிலேயே எல்லாவற்றையும் பேசிவிடலாம் என்று அப்போது பிரசாரம் செய்யப்பட்ட எளிய ஆங்கிலத் திட்டமும் அவர் கவனத்தை ஈர்த்தது. சொற்களைக் குறைத்தால் எண்ணமும் குறையுமே என்ற கேள்வியும் நாவலில் இடம் பெற்றது. இரண்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்து, 1943-ல் ராஜினாமா செய்தார்.

பண்ணை மிருகங்களின் கதை

வேலையை விட்டதும் சில மாதங்களில் 'விலங்குப் பண்ணை' என்ற சிறு நாவலை எழுதினார். முதலாளியை விரட்டிவிட்டுப் பண்ணையைத் தாங்களே நடத்தும் மிருகங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பன்றிகளுக்கு அடிமையாகும் கதை. ரஷ்யப் புரட்சி ஸ்டாலின் ஆட்சியில் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும் உருவகம். அப்போது ரஷ்யா பிரிட்டனின் போர்த் தோழன். ஆகவே பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைவிரித்தார்கள். 1944-ல் வீட்டருகே ஜெர்மானிய வெடிகுண்டு விழுந்ததில் கையெழுத்துப் பிரதியை இடிபாட்டிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் 1945 ஆகஸ்டில் புத்தகம் வெளிவந்து அமோகமாக விற்றது. வாழ்நாளில் முதல் தடவையாகக் கையில் பணம் வந்தது.

ஆனால் அதைப் பார்க்க மனைவி இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் ஓர் அறுவைச் சிகிச்சையின்போது மயக்க மருந்து தாங்காமல் ஐலீன் காலமானார். ஆர்வெல் அப்போது ஐரோப்பாவில் போர் நிருபராக இருந்தார். முந்தைய ஆண்டுதான் ஓர் ஆண் குழந்தையைச் சுவீகாரம் எடுத்திருந்தார்கள். தாயில்லாத குழந்தையைத் தாமே வளர்ப்பது என்று ஆர்வெல் முடிவு செய்தார்.

தீவில் எழுதிய நாவல்

1946-ல் ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஜூரா என்ற தீவில் ஒரு தனித்த பண்ணை வீட்டை வாடகைக்குப் பிடித்தார். மின்சாரம் கிடையாது. டெலிபோன் கிடையாது. கடைக்குப் போக இருபது மைலுக்கு மேல் கரடுமுரடான பாதை. தங்கை ஏவ்ரில் வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். அங்கேதான் '1984' எழுதப்பட்டது. ரஷ்ய எழுத்தாளர் ஜம்யாத்தின் 1920-21-ல் எழுதிய 'நாம்' என்ற நாவலை, தம் நாவலை எழுதத் தொடங்கும் முன்பே அவர் படித்து விமர்சனம் எழுதியிருந்தார். பெயருக்குப் பதில் எண் தரித்த மனிதர்கள் கண்ணாடிச் சுவர் வீடுகளில் வாழும் கதை அது. சொந்த நாடான ரஷ்யாவில் 1988 வரை அது வெளிவரவில்லை.

எழுதிக்கொண்டிருந்தபோதே காசநோய் முற்றியது. 1947 டிசம்பரில் கிளாஸ்கோவுக்கு அருகே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் புத்தம் புது மருந்து. நண்பர் ஒருவரின் உதவியால் அமெரிக்காவிலிருந்து விசேஷ அனுமதி பெற்று வரவழைத்தார்கள். ஆனால் அது ஆர்வெலின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோல் உரிந்தது, வாய் புண்ணாயிற்று, நகங்கள் கெட்டன. நிறுத்திவிட்டார்கள்.

சற்றுத் தேறியதும் தீவுக்குத் திரும்பி நாவலை முடித்தார். அடித்தல் திருத்தல் நிறைந்த பிரதியைச் சுத்தமாக டைப் செய்ய அந்த மூலைக்கு வர யாரும் கிடைக்கவில்லை. 1948 கடைசியில், காய்ச்சலும் இருமலுமாகப் படுக்கையில் சாய்ந்தபடியே தாமே டைப் அடித்து முடித்தார். அந்த உழைப்பு அவர் உயிரைக் குறுக்கியது என்பதில் சந்தேகமில்லை. 1949 ஜூன் 8-ந் தேதி புத்தகம் வெளிவந்தது.

குமாஸ்தாவின் மேஜை

நாவலில் உலகம் மூன்று வல்லரசுகளாகப் பிரிந்து ஓயாமல் போரிடுகிறது. லண்டன் அதில் ஒன்றான ஓஷியானியாவில் இருக்கிறது. சுவரெங்கும் பெரியண்ணன் என்ற தலைவரின் படம். கட்சிக்காரர்களின் வீடுகளில் ஒரு திரை. அது செய்தியும் சொல்லும், எதிரே இருப்பவரைக் கண்காணிக்கவும் செய்யும். அதை அணைக்க முடியாது. பொய் தயாரிக்கும் இலாகாவுக்குப் பெயர் உண்மை அமைச்சகம். சித்திரவதை செய்யும் இலாகாவுக்குப் பெயர் அன்பு அமைச்சகம்.

உண்மை அமைச்சகத்தில் பதிவேட்டுப் பிரிவுக் குமாஸ்தா வின்ஸ்டன் ஸ்மித். வயது 39. பழைய பத்திரிகைகளைத் திருத்துவது அவன் வேலை. நாவலில் அவன் மேஜைக்கு வரும் முதல் திருத்தத்தைப் பார்த்தால் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தென்னிந்தியப் போர்முனை அமைதியாக இருக்கும், வட ஆப்பிரிக்காவில் எதிரி தாக்குவான் என்று பெரியண்ணன் பேசியிருக்கிறார். நடந்ததோ நேர்மாறு. எதிரி தென்னிந்தியாவில் தாக்கிவிட்டான். உடனே அந்தப் பழைய பேச்சை, நடந்ததையே முன்கூட்டிச் சொன்னது போல மாற்றி எழுத வேண்டும். திருத்திய பத்திரிகையை மீண்டும் அச்சிட்டுக் கோப்பில் வைப்பார்கள். மூலப் பிரதி சுவரில் உள்ள ஒரு பொந்து வழியாக நெருப்புக்குப் போய்விடும்.

இன்னொன்று சாக்லேட் ரேஷன். வாரம் 30 கிராமாக இருந்ததை 20 கிராமாகக் குறைக்கிறார்கள். தென்னிந்தியாவில் மகத்தான வெற்றி என்ற அறிவிப்புக்குப் பிறகே இந்தக் குறைப்பும் அறிவிக்கப்படுகிறது. மறுநாளே, ரேஷனை 20 கிராமாக உயர்த்தியதற்காகப் பெரியண்ணனுக்கு நன்றி சொல்லி ஊர்வலம் போனார்கள் என்று திரை சொல்கிறது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் இதை ஜனங்கள் எப்படி நம்புகிறார்கள் என்று வின்ஸ்டன் திகைக்கிறான். நம்புகிறார்கள். ஏனென்றால் 30 என்று எழுதிய காகிதம் எங்கும் இல்லை.

வின்ஸ்டன் செய்யும் கலகம் என்ன? துப்பாக்கி எடுக்கவில்லை. ஒரு பழைய நோட்டு வாங்கி டைரி எழுதுகிறான். ஜூலியா என்ற பெண்ணைக் காதலிக்கிறான். இரண்டும் இரண்டும் நான்கு என்று சொல்ல முடிந்தால் அதுவே சுதந்திரம் என்று நினைக்கிறான். பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஐந்து என்று கட்சி சொன்னால் ஐந்துதான் என்று அவன் மனசார ஒப்பும்வரை வதைக்கிறார்கள். 101-ம் அறையில் எலிக் கூண்டைக் காட்டியதும், தன்னை விட்டுவிட்டு ஜூலியாவை வதைக்கச் சொல்லிக் கதறுகிறான். கடைசியில் பெரியண்ணனை உள்ளன்போடு நேசிப்பவனாக ஆகிவிடுகிறான். கதை அதோடு முடிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வின்ஸ்டன் குற்றமற்றவன் அல்ல. பொய்யை உருவாக்கும் இயந்திரத்தின் ஒரு பல் அவன்தான். வேலையில் அவனுக்குப் பெருமையும் உண்டு. நுணுக்கமான திருத்தம் என்றால் ரசித்துச் செய்வான். சர்வாதிகாரம் என்பது மேலே ஒருவர் உட்கார்ந்து நடத்துவது மட்டுமல்ல, கீழே ஆயிரம் மேஜைகளில் ஆயிரம் பேர் தங்கள் கடமையைச் சரியாகச் செய்வதால் நடப்பது என்பதை ஆர்வெல் அறிந்திருந்தார். பர்மாவில் உத்தரவை நிறைவேற்றியவரும் லண்டனில் தணிக்கை பார்த்த செய்தியை எழுதியவரும் அவரேதானே.

கடைசி நாட்கள்

1949 தொடக்கம் முதலே ஆர்வெல் சானடோரியத்தில் இருந்தார். அங்கிருந்தபடி அவர் செய்த ஒரு காரியம் இன்றும் சர்ச்சைக்குரியது. பிரிட்டிஷ் வெளியுறவு இலாகாவின் பிரசாரப் பிரிவில் இருந்த ஒரு தோழிக்கு, கம்யூனிஸ்டு அனுதாபிகள் என்று தாம் கருதிய 38 பேரின் பட்டியலை அனுப்பினார். அரசாங்கத்துக்கு எழுதித் தர இவர்களை நம்பக்கூடாது என்பது அதன் கருத்து. 2003-ல் பட்டியல் முழுவதும் வெளியானபோது, கண்காணிப்பை எதிர்த்தவரே இப்படிச் செய்யலாமா என்று பலர் வருந்தினார்கள். அது எச்சரிக்கைதான், காட்டிக்கொடுத்தல் அல்ல என்று வாதிட்டவர்களும் உண்டு. எப்படியானாலும் அவர் வாழ்க்கையை எழுதும்போது அதை விட்டுவிட்டு எழுதுவது, நாவலில் வின்ஸ்டன் செய்த வேலையைச் செய்வதாகும்.

அக்டோபரில், ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே சோனியா என்ற பெண்ணை மணந்தார். 1950 ஜனவரி 21-ந் தேதி, லண்டனில், நுரையீரலில் ரத்தக்குழாய் வெடித்து உயிர் பிரிந்தது. வயது 46. சட்டன் கோர்ட்னி கிராமத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறையில் எரிக் ஆர்தர் பிளேர் என்ற பெயரும் பிறந்த, இறந்த தேதிகளும்தான் இருக்கின்றன. ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயர் இல்லை.

அவருக்குப் பின் நாவலை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். சோஷலிசத்தையே தாக்கும் புத்தகம் என்று சிலர் கொண்டாடினார்கள். அப்படி அல்ல என்று ஆர்வெல் உயிரோடு இருந்தபோதே அறிக்கை விட்டார். கடைசிவரை அவர் தம்மை சோஷலிஸ்டு என்றே சொல்லிக்கொண்டார். சோவியத் யூனியனில் நாவலுக்குத் தடை. அங்கே ஜனங்கள் ரகசியமாக டைப் அடித்துக் கைமாற்றிப் படித்தார்கள். 1988-ல்தான் தடை நீங்கியது. 2009-ல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. உரிமைப் பிரச்சினை எழுந்ததால் அமேசான் நிறுவனம், காசு கொடுத்து வாங்கியவர்களின் படிப்புக் கருவிகளிலிருந்தே இந்த நாவலின் ஒரு பதிப்பை அழித்துவிட்டது. எத்தனையோ புத்தகங்கள் இருக்க, பொந்தில் போனது '1984'. பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

கண்காணிக்கும் திரை, ஒட்டுக்கேட்கும் கருவி என்பவை நாவலில் எல்லோர் கண்ணிலும் படுபவை. ஆர்வெலின் உண்மையான கவலை அவற்றைவிடச் சிறியதாகத் தோன்றும் ஒன்றைப் பற்றியது. நேற்று எழுதிய கணக்கை இன்று யாருடைய வசதிக்காகவாவது மாற்றுவது. ஆஜர் பட்டியல், சரக்குப் பதிவேடு, விபத்து அறிக்கை, கூலிப் புத்தகம் என்று நாட்டின் உண்மையில் ஒரு பகுதி ஒவ்வொரு நாளும் சாதாரணமானவர்களின் கையெழுத்தில்தான் பதிவாகிறது. 30 கிராம் என்று இருந்த இடத்தில் 30 என்றே இருக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்கும் ஒருவர், தமக்குத் தெரியாமலே பெரிய காரியம் செய்கிறார். மோத்திஹாரியில் ஒரு சிறு அதிகாரியின் வீட்டில் பிறந்த மனிதர், தம் உயிரைச் செலவிட்டுச் சொல்லிவிட்டுப் போனது இதைத்தான்.